தூணில் முளைத்த மாமரம்

மேம்பாலத்தின் அடியில் ஒரு பூவரச மரம் நின்றது. அதில் கீச்சம்மா என்ற அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். சரியான வாயாடி! யாராவது ஒன்று சொன்னால் பதிலுக்கு இரண்டு சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கீச்சம்மா இரை தேடிவிட்டுத் திரும்பினாள். மரத்தை வெட்ட ஆட்கள் வந்து கயிறு கட்டியிருந்தார்கள். கட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ஐயையோ! குட்டிகளை எங்கே கொண்டு போவேன்!" என்று தவித்தாள்.

"ஏன் தாயி அழுகிறாய்? எதிர்த் தூணைப் பார்!" என்றது டீக்கடைப் பூனை.

பார்த்தாள். மொட்டையாய் நின்ற பாலத் தூணில் பெரிய மாமரம்! கிளை, காய், நடுவே இருட்டாக ஒரு பொந்து. காலையில் ஓவியர்கள் ஏணி போட்டு வரைந்த படம் அது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஒரே நாளில் மரம் முளைக்குமா?"

"லாரியில் கொண்டுவந்து நட்டார்கள்! நீ தைரியமாகத் தாவு. குட்டி தவறினால் கீழே நான் பிடித்துக்கொள்கிறேன்!"

"உன்னை நம்பவா?"

"அட, டீக்கடைப் பாலே எனக்குச் செரிக்கவில்லை!"

ஆட்கள் திரும்பிவிடுவார்களே என்ற பயம் அவளுக்கு. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கிளை நுனிக்கு ஓடினாள்.

அப்போது சுவரொட்டி தின்று வாழும் கொம்பாயி ஆடு அங்கே வந்தது. மாவிலையைக் கண்டு நாக்கில் எச்சில் ஊற, ஆசையாக ஒரு நக்கு நக்கியது.

"தூ! பெயின்ட்! ஏய் கீச்சம்மா, இது மரமில்லை, படம்!"

மரம் முழுவதையும் இந்த ஆடு தானே தின்னப் பார்க்கிறது என்று நினைத்தாள் கீச்சம்மா. வாயில் குட்டி. பதில் சொல்ல முடியவில்லை. தாவக் காலை ஊன்றினாள்.

"ஊரையே பேசி விரட்டுவாயே, இன்று வாயைத் திறக்கவே காணோம்? பேச்சு மறந்துவிட்டதோ?" என்று சீண்டியது ஆடு.

பொறுப்பாளா அவள்! குட்டியைக் கிளைக் கவட்டில் வைத்துவிட்டுக் கத்தினாள். "காகிதம் தின்கிற உனக்கு மரத்தைப் பற்றி என்னடி தெரியும்?"

"என் நாக்கைப் பார், பச்சை! காற்றில் உன் மரம் ஆடுகிறதே, அந்த மாமரத்தில் ஒரு இலையாவது ஆடுகிறதா?"

கீச்சம்மா உற்றுப் பார்த்தாள். ஒரு இலைகூட அசையவில்லை. கீழே பூனை வாயைப் பிளந்து காத்திருந்தது.

"அடப்பாவி!" என்று அலறினாள்.

கொம்பாயி விட்டது ஒரு முட்டு! ஈரப் படத்தில் போய் ஒட்டிய பூனை, பாதிப் பச்சையாக ஓடியது. டீக்கடைக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை, "எந்த ஊர்ப் பூனை இது?" என்று விரட்டினார்.

குட்டிகளைக் கொம்பாயியின் முதுகில் ஏற்றிக்கொண்டு, அடுத்த தெருப் புளியமரத்துக்குக் குடிபோனாள் கீச்சம்மா. வழியெல்லாம் ஓயாமல் நன்றி சொன்னாள். ஆட்டுக்குக் காது வலித்தது.

எவ்வளவு அவசரமானாலும், கண்ணில் பட்டதை உடனே நம்பிக் குதிக்காமல், ஒரு கணம் நின்று விசாரிப்பவரே ஆபத்திலிருந்து தப்புவார்.