மூழ்காத வட்டில்

வெகு காலத்துக்கு முன் செம்மணல் நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவன் மனம் காலையில் ஒன்று சொல்லும், மதியம் வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் கையையோ காலையோ இழந்திருப்பார்.

ஒருநாள் தளவாய் கங்கேயன் சபையில் எழுந்தான். இளவட்டங்கள் அவனுடைய வாள்கூடத்தை விட்டு ஆண்டியப்பரின் சிலம்பக் களத்துக்குப் போய்விட்ட எரிச்சல் அவனுக்கு.

"மகாராஜா, நீங்கள் மானியமாக நெல் அளந்து கொடுக்கும் ஆண்டியப்பனின் களத்தில் ஆறு மாதமாகியும் பிள்ளைகள் கையில் கம்பு இல்லை. மணலில் காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அதைக் கோழிகூடச் செய்யும்!"

ராஜா சிரித்தான். "அப்படியொரு கோழியைக் கொண்டு வாருங்கள்."

ஆண்டியப்பரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே அவரிடம் பயிலும் பேச்சியும் வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற பதினேழு வயதுப் பெண்.

"என் மகன் கம்பு நுனியில் கரி பூசி வருவான். ஒரு நாழிகைக்குள் இவள்மேல் ஒரு கரிப்பொட்டு விழுந்தால் ஆண்டியப்பன் வலது கையை வெட்டிவிடலாம்" என்றான் தளவாய்.

மந்திரி திருமேனியார் எழுந்தார். "ஒன்றே ஒன்று கேட்கிறேன், மகாராஜா. நாழிகை காட்டும் வட்டில் மூழ்கும்வரை இருவருமே நிற்கக்கூடாது. அவள் நின்றால் ஆசான் கை. தளவாய் மகன் நின்றால் அவன் கை."

"ஆகா, அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா.

அடியில் ஓட்டையிட்ட செப்பு வட்டிலைத் தண்ணீர் அண்டாவில் மிதக்க விட்டார்கள். நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை.

சபைக்கு முன்னிருந்த மணல் முற்றத்தில் தளவாய் மகனின் கம்பு சீறிக்கொண்டு வந்தது. பேச்சி வெறுங்கையோடு விலகினாள். மறுபடி வந்தது, மறுபடி விலகினாள். தூணின் நிழல் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. வட்டில் மட்டும் மூழ்கவில்லை. அவள் குதிகால் வெடித்து மணல் சிவந்தது.

"பேச்சி, விட்டுடும்மா. என் கை போனாப் போகட்டும்" என்று ஆண்டியப்பர் கதறினார்.

"பேசாம இருங்க ஆசானே. காலடி எண்ணிக்கை தப்புது."

கடைசியில் தளவாய் மகன் கம்பை ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்தான். "அப்பா, முடியல."

"வட்டில் மூழ்கவில்லையே, தளவாயே. பிள்ளை நிற்கலாமா?" என்றார் மந்திரி. வெட்டுபவன் கட்டையை முன்னால் இழுத்துப் போட்டான்.

தளவாய் ராஜாவின் காலில் விழுந்தான். "அது மூழ்காது மகாராஜா! என் மகனுக்கு நேரம் நீளட்டும் என்று ஓட்டையில் மெழுகு வைத்தவன் நான்தான்!"



"உமக்கு எப்போது தெரியும்?" என்று ராஜா மந்திரியைக் கேட்டான்.

"முதல் நாழிகை கழிந்ததுமே. நான் சொல்லியிருந்தால் இவர் மறுத்திருப்பார். இவர் வாயாலேயே வரட்டும் என்றிருந்தேன்."

"அதற்குள் அந்தப் பெண் நின்றிருந்தால்?"

மந்திரி தலை குனிந்தார். "ஆறு மாதம் கம்பு கேட்காமல் கால் வைத்தவள் நிற்கமாட்டாள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு அவள் ரத்தம் செலவாகிவிட்டது."

"யார் கையும் போக வேண்டாம்" என்றான் ராஜா. "களத்துக்கு நெல்லை இரட்டிப்பாக அளந்து கொடுங்கள். தளவாய் நாளை முதல் ஆறு மாதம் அங்கே கோழியாக நடக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். பேச்சி இன்னும் காலை மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். வட்டில் மிதந்துகொண்டுதானே இருந்தது!

ராஜா இறங்கிப் போய், தன் கையாலேயே அந்த வட்டிலைத் தண்ணீருக்குள் அழுத்தினான்.

அதன்பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.