தாஜுவுக்கு முன்னால் பத்து நிமிஷம்

அருளானந்தம் தன் குருவிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதையே ஒன்பது மாதமாக விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தத் தாஜுகிட்ட என்ன இருக்கு? எங்கிட்ட என்ன இல்ல?"

குருவின் பெயர் செண்பகவல்லி. வயது முப்பத்தாறு. சீடருக்கு நாற்பத்தெட்டு. வல்லி ஒற்றை ஆளாக மேடையேறி, ஒரு மைக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் சனங்களைச் சிரிக்க வைப்பவள். சென்னையில் அவள் பெயரைப் போட்டால் அரங்கம் நிறையும். சிங்கப்பூர், துபாய் எல்லாம் போய் வந்தாயிற்று. ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், வடபழனி வீட்டு மொட்டை மாடியில், ஏழெட்டுப் பேருக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பாள்.

அருளானந்தத்துக்குப் பிழைப்பு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை. உயிர் மேடையில். ஏழு வருஷமாக வல்லியிடம் வருகிறார். தாஜுதீன் அவருக்கு ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவன். காயல்பட்டினத்துப் பையன்.

பின்னால் வந்தவன் முன்னால் போய்விட்டான். விஷயம் அவ்வளவுதான்.

கோடம்பாக்கம் பாலத்துக்குப் பக்கத்தில் தாஜுவின் போஸ்டரை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தார்கள். ஆனந்தம் பாலிசிதாரர்களைப் பார்க்கப் போகிற வழி அதுதான். இப்போதெல்லாம் அவர் அசோக் நகரைச் சுற்றிக்கொண்டு போகிறார். பெட்ரோல் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கெட்ட மனுஷர் இல்லை. யாருக்கும் ஒரு தீங்கு நினைத்தவர் இல்லை. தாஜு விஷயத்தில் மட்டும் வயிறு எரியும். எரிகிறது என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் போன பிறகு வல்லி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆனந்தம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

"அவன் ஷோவ எத்தன தடவ பாத்திருக்கீங்க?" என்றாள் வல்லி.

"பதினேழு."

"ஓசி பாஸா?"

"டிக்கெட் வாங்கித்தான்."

"அவனப் பெத்தவங்களே நாலு தடவதான் பாத்திருக்காங்க, சார்."

"எங்க தப்பு பண்றான்னு பாக்கப் போனேன்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"நாப்பத்தோரு தப்பு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"சிரிச்சீங்களா?"

ஆனந்தம் ஒரு பட்டாணியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அடுத்தவன் மேடையைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் இல்லை. பின்சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "ம்... நல்லாருக்கு" என்பார்கள். அதற்கு மேல் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும்.

வல்லி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாஜு, ரெண்டு வாரம் கழிச்சு உனக்குப் பெரிய ஹால்ல ஷோ இருக்குல்ல? உனக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஆனந்தம் சார் பேசட்டும்."

"அண்ணனா? என்னக்கா இப்படிக் கேக்குறிய? அண்ணன் வந்தா எனக்குல்லா பெரும."

ஆனந்தத்துக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். அதுதான் இல்லை. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டவாவது செய்யலாம். சந்தோஷமாகச் சரி என்கிறவனை என்ன செய்வது?

"முன்னாடி பேசறவருக்கு வேல என்னன்னு தெரியுமில்ல சார்?" என்றாள் வல்லி.

"ஹால சூடு பண்ணிக் குடுக்கணும்."

"அப்புறம்?"

"பின்னாடி வர்றவர் எதப் பத்திப் பேசப் போறாரோ, அதத் தொடக் கூடாது."

"அவ்வளவுதான். போய்ட்டு வாங்க."

ஒரே விஷயத்தைச் சனம் இரண்டாவது தடவை கேட்டால் சிரிக்காது. முதலில் பேசுகிறவன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டால், அடுத்தவனின் கல்யாணக் கதை செத்தது. அதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. எழுதி வைத்த சட்டம் எல்லாம் இல்லை. ஆனால் அதை மீறியவனை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

தாஜு எதைப் பற்றிப் பேசுவான் என்று ஆனந்தத்துக்குத் தெரியாதா? பதினேழு தடவை பார்த்த மனுஷர். தாஜுவின் கடைசிக் கதை ஒரு லிஃப்ட் கதை. கல்யாண வீட்டு பிரியாணி அண்டாவோடு அவனுடைய மூன்று மாமாக்கள் லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும்போது அண்டா காலி. பெரிய மாமா வாயைத் துடைத்துக்கொண்டு கேட்பார்: "தயிர்ப் பச்சடி அடுத்த லிஃப்ட்லயா வருது?" அந்த இடத்தில் அரங்கம் எழுந்து நிற்கும். பதினேழு தடவையும் நின்றது.

ஆனந்தத்திடமும் ஒரு லிஃப்ட் கதை இருந்தது. எங்கும் திருடியது இல்லை, அவருக்கே நடந்தது. ஏழு வருஷத்தில் அதை மேடையில் சொல்லத் தோன்றவே இல்லை. மாமியார் கதை, மருமகன் கதை என்று ஊரெல்லாம் சொல்வதைத்தான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். தாஜுவின் லிஃப்டைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்த பிறகுதான் தன்னுடைய லிஃப்ட் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு வாரம் ராப்பகலாக அதைத் தட்டிச் சீர் செய்தார். மனைவி ரோஸியிடம் சொல்லிக் காட்டினார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர் பேசி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனந்தத்துக்கு ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. எதற்காக இதைத் தயார் செய்கிறோம் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஷோ ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. எண்ணூறு நாற்காலி. ஒன்று காலி இல்லை.

தாஜு வாசலுக்கே வந்து அவரை அழைத்துப் போனான். முன்வரிசையில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"உம்மா, இவியதான் ஆனந்தம் அண்ணன். மொத மேடையில நான் நடுங்கிக்கிட்டு மைக்கு சுவிட்ச போடாம பேசுனேன்லா? ஓடி வந்து போட்டுக் குடுத்தது அண்ணன்தான்."

அந்த அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். ஆனந்தமும் கும்பிட்டார். பேசாமல் அந்த மாமியார் கதையையே சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தார். மேடைக்குப் போகிற வழியில் தாஜுவின் முகம் பெரிதாகத் திரையில் தெரிந்தது. நினைப்பு மாறிவிட்டது.

முதல் மூன்று நிமிஷம் வழக்கமான பேச்சு. சனம் மரியாதைக்குச் சிரித்தது. நாலாவது நிமிஷம் ஆனந்தம் சொன்னார்:

"நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டுங்க. ஒரு நாள் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். என்னத் தவிர ஆறு பேரு. கதவு திறக்கல. எல்லாரும் சாமி பேரச் சொல்றாங்க. எனக்கு மட்டும்தான் சந்தோஷம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல, நான் பேசும்போது எழுந்து போக முடியாத ஆளுங்கள அன்னிக்குத்தான் பாக்கறேன்."

சிரிப்பு வந்தது. இது மரியாதைச் சிரிப்பு இல்லை.

"லிஃப்ட் சட்டுனு ஒரு அடி கீழ இறங்குச்சு. ஒருத்தர் 'முருகா'ன்னாரு. நான் 'நாமினி பேரு என்ன சார்'னேன்."

எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தால் மேடைப் பலகை அதிரும் என்று ஆனந்தம் கேள்விப்பட்டிருந்தார். இப்போது காலில் தெரிந்தது.

"நாப்பது நிமிஷத்துல மூணு பாலிசி. கதவு திறந்ததும் மூணு பேரும் ஓடி வந்து, 'இத ரத்து பண்ண முடியுமா'ன்னாங்க. 'தாராளமா சார். என் ஆபீஸு அஞ்சாவது மாடி. அதே லிஃப்ட்ல ஏறி வாங்க'ன்னேன்."

சிரிப்பு அடங்கவே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார். திரை ஓரத்தில் தாஜு போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவரைத் தாண்டிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான்.

ஆனந்தம் அங்கேயே நின்றார். தன் வாழ்நாளில் வாங்காத கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்த மனுஷர், அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் கால் கடுக்க நின்று, தாஜு எப்போது தடுக்கி விழுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கதைக்கு நேரம் வந்தது. தாஜு தண்ணீர் குடித்தான்.

"ஆனந்தம் அண்ணன் ஒரு லிஃப்ட் சொன்னாவல்லா? ஆறு பேர் இருந்தாவ, மூணு பேர் பாலிசி எடுத்தாவ. மிச்ச மூணு பேர் யாருன்னு அண்ணன் சொல்லல. நான் சொல்றேன். எங்க மாமாமாரு."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அவிய ஏன் பாலிசி எடுக்கல தெரியுமா? கையெழுத்துப் போட கை வேணுமே. மூணு பேர் கையும் பிரியாணி அண்டாக்குள்ளல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்றே சனம் நினைத்தது. தயிர்ப் பச்சடி வருவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தாஜு பக்கவாட்டில் கையை நீட்டி, "ஆனந்தம் அண்ணன்!" என்று கூப்பிட்டான். ஆனந்தம் மேடைக்கு வந்து நின்றார். இத்தனை பெரிய கைதட்டலில் நின்றும் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. கெடுக்கப் போன இடத்தில் அவனுக்கு மெத்தை போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

திரைக்குப் பின்னால் தாஜு அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, இன்னும் பதினாலு ஊரு இருக்கு. எல்லாத்துக்கும் நீங்க வரணும்."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு ஆனந்தம் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் காலை வல்லி வீட்டுக்குப் போனார். அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆனந்தம் உட்காரவில்லை.

"மேடம், நேத்து நான் அந்த லிஃப்ட் கதைய வேணும்னேதான் சொன்னேன். அவன் கடைசிக் கதையக் கெடுக்கணும்னு."

"தெரியும்."

"உங்களுக்கா?"

"அவனுக்கும்."

வல்லி வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிழிந்தாள்.

"நீங்க மேடையில இருக்கும்போதே போன் பண்ணான். 'அக்கா, அண்ணன் என் லிஃப்ட எடுத்துட்டாரு, எனக்கு வயிறு எரியுது, இப்ப நான் என்ன செய்ய'ன்னான். அழற மாதிரி இருந்துச்சு குரல்."

"அவனுக்கா எரிஞ்சுது?"

"அப்படித்தான் சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிப்பு வருதான்னு கேட்டேன். ஹாலே இடியுதுன்னான். அப்ப நீயும் அதுலயே ஏறிக்கோன்னேன். மேடைப் பக்கமா போன நீட்டுன்னேன். நீட்டுனான். மூணு நிமிஷம் கேட்டேன். கட் பண்ணிட்டேன்."

"ஏன் மேடம்? நல்லா இல்லியா?"

வல்லி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப்பு மாட்டினாள்.

"பதினாலு ஊருக்கும் கூப்பிடறான், மேடம்."

"சொன்னான்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"வேற மூஞ்சி இருக்கா உங்ககிட்ட?"

ஆனந்தம் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போனார். பிறகு போனை எடுத்தார். வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேரிடம் கூசாமல் பேசிய மனுஷருக்கு, ஒரு பையனின் நம்பரை அழுத்த மூன்று தடவை ஆயிற்று.

"தம்பி, நேத்து நான் செஞ்சது தப்பு. உன்னக் கெடுக்கத்தான் செஞ்சேன். ரெண்டு வாரமா அதுக்குத்தான் தயார் பண்ணேன். உம்மா என்னக் கும்பிட்டாங்க, அப்பவும் செஞ்சேன்."

ஆனந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கும் கோவந்தான், அண்ணே" என்றான் தாஜு. "ராத்திரி பூரா ஒறங்கல. ஆனா அந்த நாமினி இருக்கே, அத நான் எத்தன வருஷம் பேசுனாலும் எழுதியிருக்க மாட்டேன். அதயும் நெனச்சு ஒறங்கல. திருச்சிக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. கீழ் பெர்த்து எனக்கு. அது மட்டும் கேக்காதிய."

போனை வைத்த பிறகும் ஆனந்தம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், கைப்பிடி அளவுக்கு, அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்படி ஒரு பதிலைச் சட்டென்று சொல்ல இவனால் எப்படி முடிகிறது என்று.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த எரிச்சல் எப்பதான் போகும்?"

வல்லி கடைசித் துணியையும் போட்டுவிட்டு, காலி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து உங்க மூணு நிமிஷத்தக் கேட்டதுலேருந்து எனக்கே சோறு எறங்கல, சார். எனக்குப் போனதும் சொல்றேன்."