லிஃப்டில் சொன்ன ஒரு வார்த்தை

ரிப்போர்ட்டை இனி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டீன் சேதுமாதவன் ஆஸ்பத்திரிக்கு ஓர் இணையதளம் திறந்தார். அதில் பெயரைப் பதிந்து சேரச் சொல்லி, வந்தவர்களுக்கு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். ஜனங்கள் வாளியை வாங்கிக்கொண்டு பழையபடி ரிப்போர்ட் கவுண்டரிலேயே வரிசை கட்டினார்கள்.

டீனுக்குக் கோபம் தலைக்கேறியது. லிஃப்ட் இயக்கும் பூவராகனைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் உன் லிஃப்ட்லதானே ஏறுறாங்க? பொங்கலுக்குள்ள ஒருத்தர் விடாம இணையதளத்துல சேர வை. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!"

பூவராகன் ஏறியவர்கள் காதிலெல்லாம் ஏதோ சொன்னார். அவ்வளவுதான். கணவர்கள் மனைவியைக் கீழேயே நிறுத்திவிட்டுத் தனியாக ஏறினார்கள். மருமகள் முந்திவிடக் கூடாதென்று மூட்டுவலி மாமியார்கள் படியில் ஓடினார்கள். பொங்கலுக்குள் ஊரே சேர்ந்துவிட்டது.

பாராட்டு விழா. முன்வரிசையில் இருந்த மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரம், டீன் ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்படி என்னய்யா சொன்னே?"

"உங்க ரிப்போர்ட் இனிமே வீட்டு ஆளுங்க கண்ணுல படாதுன்னு சொன்னேன் ஐயா."

டீன் தொந்தி குலுங்கச் சிரித்தார். "வீட்டுக்கே பயந்து சாகுற ஜனங்க!"

"ஆமாங்க ஐயா. இன்னும் சேராதவர் நீங்க ஒருத்தர்தான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீன் பூவராகனை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று லிஃப்டுக்குள் போனார். கதவு மூடியதும் டீன் அவர் காதருகே குனிந்தார்.

"நிஜமாவே வீட்டம்மா கண்ணுல படாதா? சுகர் முந்நூறுய்யா!"