புல் முளைக்காத தடம்

“மூணாவது தடவையா அழிச்சுட்டீங்க அம்மணி. நாளைக்கு இது அச்சுக்குப் போகுது.”

துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆற்றோரச் சுற்றுலாவுக்கு வரைபடம் போட வந்தவர். பரிசல் ஓட்டும் பவளக்கொடிக்கு முப்பதுகூட ஆகவில்லை. முதல் நாளே பரிசலில் தலைசுற்றி வாந்தி எடுத்த கையோடு, “இந்த ஆத்த எனக்குச் சொல்லிக் குடுங்க” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் குரு, அவர் சீடர். வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தை வருமா?

நீர்நாய் ஏறும் பாறை, கொக்கு இறங்கும் மேடு, பரிசல் துறை என்று அவர் குறித்த எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மருதமரத்துக்குக் கீழே, குளிக்கும் இடம் என்று வைத்த நீலப் புள்ளியை மட்டும் ஆற்றில் விரலை நனைத்துத் தேய்த்துவிட்டாள். மூன்றாம் முறை காகிதமே கிழியப் பார்த்தது.

“வேற எடத்துல வைங்க சார்.”

“ஏன்?”

அவள் துடுப்பை எடுத்துப் பரிசலைத் திருப்பினாள்.

துரைக்கண்ணுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“அந்த மருதமரத்துக்குப் போற தடத்தப் பாத்தீங்களா? புல்லே மொளைக்கல. அந்தளவுக்கு ஆளு நடக்குது. ஊரே எறங்குற எடத்தவிடப் பத்திரமான எடம் ஏது?”

முப்பது வருடமாக அவருக்கு அதுதான் வேதம். மனிதன் பொய் சொல்லுவான், தடம் சொல்லாது. அதனால் ஊரில் ஒருவரையும் அவர் விசாரிக்கவில்லை.

“கொழந்த குட்டியோட எத்தனையோ குடும்பம் இந்தப் படத்த நம்பி வரப்போகுது அம்மணி.”

“அதுக்குத்தானுங்க அழிக்கறேன்.”

பரிசலைக் கரையில் ஒதுக்கித் துடுப்பைக் கீழே வைத்தாள்.

“வாங்க. நடந்தே பாத்துருவோம்.”

தடம் ஒற்றை ஆள் அகலம்தான். அவள் முன்னே போனாள், அவர் பின்னே.

தடம் முடிந்த இடத்தில் துணி துவைக்கும் கல் இல்லை. சோப்பு உறை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. தண்ணீர் பச்சையாக, அசையாமல் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

“இந்தத் தடத்துல எத்தன பேரு வருவாங்க?”

“நா ஒருத்திதானுங்க, தெனமும்.”

“ஒருத்தியா? குளிக்கவா?”

“இல்லீங்க.”

தண்ணீரைக் கைகாட்டினாள்.

“நாலு வருசமாச்சுங்க. எம்பட புள்ள இங்கதான் எறங்குனா. அப்பறம் ஏறல.”

துரைக்கண்ணு வரைபடத்தை மடித்தார்.

“அப்ப... தெனமும் எதுக்கும்மா வர்றீங்க?”

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பவளக்கொடி வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்து ஆற்றைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“கனிகா! பொழுதாச்சு, வூட்டுக்கு வா சாமி!”