ஸ்கேன் சொன்ன ஏழு வாரம்

தென்காசிப் பக்கம் ஒரு மடத்தில் ஒரு சாமி இருந்தார். முப்பது வயசுகூட நிரம்பாத சாமி. அவருக்கு வாய்த்த சீடர் தளவாய்க்கோ நாற்பத்து மூன்று. கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்புகிற மனுஷன்.

ஒருநாள் காலையில் தளவாய் மடத்துக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. மடித்து மடித்து நைந்துபோன ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சாமி முன்னால் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"என் வீட்டுக்காரி முத்துக்கனி முழுகாம இருக்கா, சாமி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு."

"அடடே! நல்ல சேதியைச் சொல்ல வந்துட்டு வெறுங்கையோடவா வருவாங்க?"

"நல்ல சேதியா? இதுல ஏழு வாரம்னு போட்டிருக்கு. ஸ்கேன் எடுத்த அன்னைக்கு, நான் ஊருக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகலை. கணக்கு உதைக்குதே!"

பத்து நாளாக இந்த ஒரே கணக்குதான். பால்காரன் ஏன் சிரிக்கிறான்? எதிர்வீட்டு வாத்தியாருக்கு இப்போ எதுக்குப் புதுச்சட்டை? முத்துக்கனி போனைக் கவிழ்த்து வைத்தாலும் சந்தேகம், நிமிர்த்தி வைத்தாலும் சந்தேகம். அவள் கையால் ஒரு வாய் சோறு தின்னவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம் அந்தப் பொம்பளை, என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"மதினிகிட்ட நேரா கேட்டீங்களா?"

"கேட்டா உண்மையையா சொல்லுவா? சாயங்கால பஸ்ஸுக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் செஞ்சது சரிதானா சாமி?"

"எனக்குப் பிள்ளைக் கணக்கு தெரியாது, அண்ணாச்சி. வாங்க, தெரிஞ்சவங்களைக் கேப்போம்."

காவி வேட்டியோடு சாமி ஸ்கேன் சென்டருக்குள் நுழைய, உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் எழுந்து கும்பிட்டார்கள். தளவாய்க்கு மானம் போயிற்று. டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"கரு ஒரு சென்டிமீட்டர் இருக்கு. இதயம் நல்லாத் துடிக்குது. ஏழு வாரத்துக்குச் சரியான வளர்த்தி. இதுல என்ன சந்தேகம்?"

"இவர் ஊருக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகலையாம்" என்று சாமியே போட்டு உடைத்தார்.

டாக்டரம்மா தளவாயை மேலும் கீழும் பார்த்தார்.

"கரு என்னைக்குத் தங்குச்சுன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. அதனால கடைசி மாதவிலக்கோட முதல் நாள்ல இருந்து எண்ணுவோம். முதல் ரெண்டு வாரம் வயித்துல பிள்ளையே கிடையாது. அஞ்சு வாரப் பிள்ளையைத்தான் ஏழு வாரம்னு எழுதுதோம். உங்க வீட்டம்மாகிட்ட அன்னைக்கே விளக்கமாச் சொன்னேனே. நீங்க கேக்கலையா?"

தளவாய் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

தெருவுக்கு வந்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பிவிட்டது. கூடவே கோபமும் வந்துவிட்டது.

"இது என்ன கூத்து, சாமி! இல்லாத பிள்ளைக்கு ரெண்டு வாரம் வயசு போடுதாங்களே, எந்த ஊரு நியாயம் இது? இப்படியா ஒரு மனுஷனைப் பைத்தியமா அடிப்பாங்க?"

"நீங்க மட்டும் என்னவாம், அண்ணாச்சி?" என்றார் சாமி. "இல்லாத ஒருத்தனைப் பத்து நாளா வீட்டுல குடிவச்சுட்டு, இருக்கிற மதினியையில்லா வெளியே அனுப்புதீங்க!"