பதினைந்தாவது பாய்

குருவுக்கு வயது இருபத்து நாலு. சிஷ்யைக்கு இருபத்தேழு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றே கூப்பிடுவாள்.

குருவின் பெயர் குணவதி. மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவள். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் பதின்மூன்று பிள்ளைகளும் அவள் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்குச் சோறு, பிறகு கால் கழுவல், பிறகு பாய், பிறகு ஜன்னல் திரை. இந்த வரிசை ஒருநாளும் மாறாது. ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தால் பதின்மூன்றும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கும்.

சிஷ்யை ரோஸ்லின். கான்வென்ட்டில் படித்தவள். அவள் வாயைத் திறந்த முதல் நாளே பிள்ளைகள் அவளை மிஸ் ஆக்கிவிட்டார்கள். வேலை பழக வந்து பதினெட்டு நாள். கூடவே இரண்டு வயது மகன் ஜோயலையும் அழைத்து வருகிறாள். பதினாலாவது பாய் அவனுக்கு.

ஜோயல் மட்டும் பகலில் தூங்குவதே இல்லை. சாயங்காலம் ஆனால் அழுது அழுது தலையைத் தரையில் முட்டுவான். மூன்று வாரத்தில் பழகாத பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். பிள்ளை வீட்டோடு என்றால் தாயும் வீட்டோடுதான். இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று திரையை இழுத்ததும் குணவதி சொன்னாள். "இன்னிக்கு நீங்களே தூங்க வைங்கக்கா."

ரோஸ்லின் பாய்களுக்கு நடுவே கைகட்டி நடந்தாள். "கண்ணை மூடணும். யாரும் பேசக்கூடாது." நாலு சுற்று நடந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "யாரெல்லாம் தூங்கிட்டீங்க?"

ஆறு கைகள் உயர்ந்தன. ஜோயல் இரண்டு கையையும் தூக்கினான்.

குணவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க குணா. நீங்க என்னதான் செய்றீங்க? சொல்லிக் குடுங்க."

"நான் ஒண்ணும் செய்றதில்லக்கா."

"சொல்ல மனசில்லன்னா விடுங்க."

குணவதி மூலையிலிருந்து இன்னொரு பாயை எடுத்து வந்தாள். ஜோயலின் பாயை ஒட்டி விரித்தாள்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு. படுங்க."

"நான் படுத்தா பிள்ளைங்கள யார் பாக்கறது?"

"நான் இருக்கேன்ல."

ரோஸ்லின் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். படுக்கவில்லை. கை தானாக நீண்டு ஜோயலின் மூக்கருகே ஒரு விரலை வைத்தது. மூச்சு சுட்டது. அவன் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான்.

"இத எப்பலேர்ந்து செய்றீங்க?" என்று கேட்டாள் குணவதி.

ரோஸ்லின் விரலை மடக்கிக்கொண்டாள். "எட்டு மாசத்துல காய்ச்சல் வந்து இவனுக்கு வலிப்பு வந்துச்சு. தூக்கத்துல. நானும் பக்கத்துல தூங்கிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"முழிச்சுப் பாத்தேன். தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்."

"யார் எழுப்பினாங்க?"

"யாரும் எழுப்பல. நானாத்தான் முழிச்சேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இப்ப ஒரு பயமும் இல்லன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றார். எனக்குத்தான்…"

"படுங்கக்கா" என்றாள் குணவதி மறுபடியும்.

ரோஸ்லின் படுத்தாள். கண்ணை மூடினாள். மூக்கருகே ஏதோ சூடாகப் பட்டது. சோப்பு வாசம். திறந்து பார்த்தால் குணவதியின் விரல்.

"என்ன குணா?"

"மூச்சு இருக்கான்னு பாத்தேன்."

ரோஸ்லின் திரும்பிப் படுத்தாள். இடுப்பு தளர்ந்தது, இமை கனத்தது. மறுபடியும் விரல்.

"குணா."

"இருக்கு, இருக்கு. தூங்குங்க."

மூன்றாம் முறை ரோஸ்லின் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "இப்படி நோண்டிக்கிட்டே இருந்தா மனுஷி எப்படித் தூங்குவா?"

குணவதி வாசலுக்குப் போய்க் காய்ந்த துணிகளை மடியில் போட்டுக்கொண்டு மடிக்கத் தொடங்கினாள்.

ரோஸ்லின் அவளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் விழித்தபடி அந்தக் கைக்காகக் காத்திருந்தான். அவள் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். கை ஒருமுறை துடித்தது. இன்னொருமுறை துடித்தது. வெளியே பனி இறங்கும் குளிர் திரை வழியாக வந்தது. துணி மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அவள் விழித்தபோது திரை பாதி விலகியிருந்தது. நாலைந்து பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று மகன் பக்கம் திரும்பினாள்.

ஜோயல் குப்புறக் கிடந்தான். வாய் திறந்திருந்தது, பாயில் எச்சில் வழிந்திருந்தது. முதுகு ஏறி இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொடவில்லை. எத்தனையோ மாதமாகத் தோளில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல இருந்தது.

"எப்பத் தூங்கினான்?" என்று கிசுகிசுத்தாள்.

"நீங்க தூங்கி அரைமணி நேரம் கழிச்சு."

"அவ்வளவு நேரம் என்ன பண்ணினான்?"

"உங்களையே பாத்துக்கிட்டிருந்தான்."

"அழல?"

"இல்ல."

"அப்ப இத்தனை நாளா ஏன் குணா தூங்கல?"

குணவதி கடைசித் துணியை மடித்து வைத்தாள்.

"பயந்துட்டு இருக்கிற ஆளத் தனியா விட்டுட்டு அவன் எப்படிக்கா தூங்குவான்?"