கீரனின் விரல்கள் மறக்காத முகம்

"என்னால முடியல தாயே. நான் ஊருக்கே போயிடறேன்."

சுதைச் சிற்பி கீரன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு ஐம்பது வயது. குருவான பிக்குணி சுமனைக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

"என்ன முடியல?"

"தியானத்துல மனசு ஒரு நொடிகூட ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. குரங்கே தேவலை. புத்தர் முகத்தை நாலு தடவை செஞ்சேன். சரியா வராம நாலையும் நானே உடைச்சேன்."

புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமிக்கு இன்னும் மூன்றே நாள். பீடத்தில் புத்தர் தலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

சுமனை ஒரு பெரிய களிமண் உருண்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க ஐயா. எதையும் நினைக்காதீங்க. கை போன போக்குல போகட்டும்."

கை எங்கேயும் தயங்கவில்லை. சுடுகஞ்சி ஆறுகிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. கண்ணைத் திறந்தவன் பதறிப் பின்னால் நகர்ந்தான்.

"யாரு இது?" என்று கேட்டார் சுமனை.

"மல்லன். என் தம்பியைக் குத்திக் கொன்ன பாவி."

"நல்லாப் பழகின ஆளோ?"

"அன்னைக்கு ஒரு தரம் பார்த்ததோட சரி. மறுநாளே கப்பலேறி ஓடிட்டான். இருபது வருஷமாச்சு."

இடது புருவத்தில் தழும்பு. மேலுதட்டில் லேசான கோணல். எதுவுமே பிசகவில்லை. ஒரு கணம் பார்த்த முகம் உயிரோடு முறைத்துக்கொண்டிருந்தது. கீரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இதை நானா செய்தேன்?

சுமனையின் குரலில் கேலி துளியும் இல்லை.

"இப்படி ஒரு தியானத்தை நான் பார்த்ததே இல்ல ஐயா. எனக்கே இருபது வருஷம் மனசு ஒரே இடத்துல நின்னதில்ல."

கீரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி. இப்ப தம்பி முகத்தைச் செய்யுங்க."

கீரன் இன்னொரு உருண்டையை எடுத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

மண்மேல் வைத்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மூக்கு கூரா, சப்பையா? சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா? தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒன்றுமே வரவில்லை.

"தாயே, சேந்தன் முகம் எனக்கு மறந்துபோச்சு!"

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சுமனை எழுந்துபோய் ஒரு கலயம் தண்ணீர் கொண்டுவந்து, மல்லனின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மண்ணு இன்னும் காயல ஐயா. தண்ணி பட்டாக் கரைஞ்சிடும்."